‘போய் வருகிறோம்’ என்று முடித்த மின்னஞ்சல்கள்

போன வாரம் சுமனா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக என்னிடம் வேலை பழகியவள். இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் பிரிவுக்கே அவள்தான் தலைவி. அனுமதி வாங்காமல் யாருக்கும் விளம்பரம் அனுப்பக் கூடாது என்று அவர்களுக்குப் புதிதாக ஏதோ விதி வந்திருக்கிறதாம். அவளிடம் வேலை செய்யும் பிள்ளைகள், இப்படிக் கையைக் கட்டிப் போட்டால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று குதிக்கிறார்களாம்.

"மேடம், நீங்க இதையெல்லாம் ஆரம்பத்துலேயே பாத்தவங்க, அல்வா? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

மைசூர்த் தமிழில் அல்வா தின்பண்டம் இல்லை. ‘இல்லையா’ என்பதற்குக் கன்னடத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சொல். வேறு ஊர்த் தமிழர்கள் இதற்குச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து பேசுவது எங்களுக்குப் பழக்கம்.

எழுதுகிறேன். ஆனால் சுமனா எதிர்பார்ப்பது போல இது பாடமாக இருக்காது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கம்தான் வருகிறது. விதியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அதைத்தான் எழுதுவேன் போலிருக்கிறது.

என் அப்பா ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்கு வந்தவர். நான் அங்கிருந்து பஸ்ஸில் மைசூருக்குப் போய் பி.காம். படித்தேன். தட்டச்சு கற்றேன், சுருக்கெழுத்து கற்றேன், ஒரு வக்கீலிடம் சில வருடம் குப்பை கொட்டினேன். பிறகு நரசிம்மன் சாருடைய கைவினைப் பொருள் கடையில் கடிதப் போக்குவரத்துக்குச் சேர்ந்தேன். பட்டு, ஊதுபத்தி, ஈட்டி மரத்தில் வேறு மரங்களை இழைத்துப் படம் பதித்த பெட்டிகள். இவற்றை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்புகிற கடை. தொண்ணூறுகளின் பின்பாதியில் அதற்கு ஒரு வலைப்பக்கமும் மின்னஞ்சல் பெட்டியும் வந்தன. தட்டச்சுக்காரியாக இருந்த நான் ஒரே நாளில் ‘ஆன்லைன் வியாபாரப் பொறுப்பாளர்’ ஆனேன். சம்பளம் மட்டும் பழைய பதவியிலேயே இருந்தது.

நரசிம்மன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார். நெற்றியில் மெல்லிசாக ஒரு கோடு, எப்போதும் முழுக்கைச் சட்டை. சனிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டுத்தான் கடைக்கு வருவார். ஒன்றுமே வாங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவரைக் கூட எழுந்து வாசல் வரை போய் வழியனுப்புவார். "போயிட்டு வாங்கோ" என்று கைகூப்புவார். யாரையும் ‘போங்கள்’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கடன்காரனுக்கும் அதே மரியாதைதான்.

மின்னஞ்சலிலும் அதே கதை. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று எழுதினால் முகம் சுளிப்பார். "பேர் இல்லாதவாளுக்கா எழுதறோம்?" என்பார். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக எழுத வேண்டும். நான் எழுதியதை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பழைய பிரிண்டர் கதறுகிற கதறலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். சார் அந்தத் தாளை வாய்விட்டுப் படிப்பார். நாக்கு இடறுகிற இடத்தை மாற்றச் சொல்வார். எல்லாம் சரியான பிறகுதான் தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகி இணைப்புக்கு முயல்வேன். அது கீச்சிட்டு, இரைந்து, பாதியில் அறுந்து, மறுபடி பிடித்து, ஒருவழியாகக் கடிதங்கள் போய்ச் சேரும். உள்ளே வந்தவற்றை இறக்கிக்கொண்டு உடனே துண்டித்துவிடுவேன். இணைப்பில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் காசு.

கடிதத்தின் கடைசி வரி சாருடையது. அதைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. ‘வீ ஷல் கோ அண்ட் கம்’. போய் வருகிறோம். நம் பக்கத்தில் விடைபெறுகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டார், கன்னடத்திலும் அப்படித்தான். இது சாருக்கு மரியாதை மட்டுமில்லை, நம்பிக்கை. ஆங்கிலத்தில் அதற்கு வேறு அர்த்தம் வரும் என்று நான் இழுத்துப் பார்த்தேன். "அவாளுக்கும் புரியும் சரோஜம்மா. நல்ல வார்த்தை எந்த பாஷைலயும் நல்ல வார்த்தைதான்" என்று முடித்துவிட்டார்.

முகவரிகள் எங்களுக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். லட்சுமிபுரத்தில் யோகா கற்க வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். கடைக்கு வந்தால் மேசையில் விரித்து வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதி, இரண்டு வரி பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்த நாளில் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பது பெருமை. ஆகவே அதையும் எழுதுவார்கள். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். தசராவுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு வரும்போதும் எழுதுவோம். அவர்கள் கேட்டார்களா, கேட்கவில்லையா என்ற கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை.

வேண்டாம் என்பவர்கள் ‘ரிமூவ்’ என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். வந்ததும் அந்தப் பெயரைக் கணினியிலிருந்து எடுப்பேன். பிறகு சார் சொற்படி அவருக்கு ஒரு கடிதம் எழுதுவேன்: தங்கள் விருப்பப்படி தங்கள் பெயரை நீக்கிவிட்டோம், தொந்தரவுக்கு வருந்துகிறோம், போய் வருகிறோம்.

எழுதாதே என்றவருக்கு, இனி எழுத மாட்டோம் என்று எழுதி, அதன் அடியில் மறுபடி வருவோம் என்று கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம். சிலர் கொதித்துப்போய்ப் பதில் போட்டார்கள். ‘வராதீர்கள், தயவுசெய்து வராதீர்கள்’ என்று ஒருவர் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். "பாவம், உடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார் சார்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் சட்டப் பேச்சு வந்தது. எங்கள் வலைப்பக்கத்தையும் அஞ்சல் பெட்டியையும் வாடகைக்குக் கொடுத்திருந்தது அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்களிடமிருந்து ஒரு கடிதம். கேட்காமல் அனுப்பும் வியாபார மின்னஞ்சலைத் தடுக்க அங்கே ஒரு சட்டம் கொண்டுவர யோசிக்கிறார்கள்; சிறு வியாபாரிகள் இதுபற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதினால் திரட்டி அனுப்புவோம் என்றிருந்தது. அதன் கீழே இன்னொரு வரி. சட்டம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, யார் மேலாவது இனி புகார் வந்தால் அவர்களுடைய பெட்டியை மூடிவிடுவோம் என்றது.

அதை அச்சடித்துச் சாரிடம் கொடுத்தேன். உள்ளூர் விற்பனை அப்போதே படுத்துவிட்டது. கடையின் வாடகையும் பட்டறையில் பெட்டி இழைப்பவர்கள் கூலியும் என் சம்பளமும் அந்த அஞ்சல் பெட்டி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

சாருடைய மைத்துனன் கிரீஷ் கடையில் பங்குதாரர். நல்ல பிள்ளை, வாய் மட்டும் ஓயாது. பெங்களூரிலிருந்து லட்சக்கணக்கான முகவரிகள் அடங்கிய சிடி ஒன்றை வாங்கி வந்து, அதை எப்படியாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர். சட்டத்தை எதிர்த்து மூன்று பக்கம் அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அத்திம்பேர், பெரிய கம்பெனிக்காரன் டிவில விளம்பரம் போடுவான். நம்ம மாதிரி கடைக்கு இது ஒண்ணுதானே வழி? இதையும் அடைச்சா எங்க போறது? தபால்ல கேட்லாக் அனுப்பறோமே, அதுக்கு யாராவது சட்டம் போட்டாங்களா?"

சார் முதலில் அவர் பக்கம்தான் சாய்ந்தார். "வாஸ்தவம்தான். கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போறவன், வரலாமான்னு கேட்டுண்டா போறான்? குங்குமத்தை எடுத்துண்டு நேரா போய் நிக்கறான். அழைக்கறதுக்கு எதுக்கு அனுமதி?"

எனக்கு ஒன்று உறுத்தியது. அதைச் சொன்னேன். "சார், பத்திரிகை குடுக்கப் போனா ஆட்டோவுக்கு நாம காசு குடுக்கறோமுங்க. கேட்லாக்குக்கும் தபால்தலை நம்முளுது. மின்னஞ்சல் அப்படி இல்லீங்க. அதை இறக்கறதுக்கு அவங்கதான் போன் காசு கட்டோணும். நாம இங்க கட்டற மாதிரி."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ நம்ம பத்திரிகைய அவா கூலி குடுத்து வாங்கிக்கறாளா?"

"ஆமாங்க சார்."

"ஸ்வல்ப காசுதானே சரோஜக்கா, அதுக்குப் போய்" என்றார் கிரீஷ்.

சார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கருத்துக் கடிதத்தை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னார். அந்த இடைவெளியில்தான் ஹெலனின் கடிதம் வந்தது.

ஹெலன் யோகா கற்க வந்தவள். அவளைத் திரும்ப அழைத்துப் போக வந்தவர் அவள் கணவர் டேவிட். யோகா பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். அவள் வகுப்பு முடியும்வரை எங்கள் கடையில் உட்கார்ந்து காபி குடிப்பார். ஆள் நல்ல உயரம். உள்ளே வரும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வார். இடித்துக்கொண்டு அவரே சிரிப்பார். சாருக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். இருவரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் பாதி புரியாமல் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஊருக்குப் போகிற அன்று பதிவேட்டில் முகவரியை எழுதிவிட்டு, "எனக்கு எழுதுங்கள், நிறைய எழுதுங்கள்" என்று சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். சாமான் ஒன்றும் வாங்க மாட்டார். அங்கே பனி பெய்வது, நாய்க்கு உடம்பு சரியில்லாதது என்று பக்கம் பக்கமாக வரும். அதைச் சார் கடையிலிருக்கும் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார்.

ஒரு சமயம் அவரிடமிருந்து பதில் நின்றது. பிறகு அந்த முகவரியிலிருந்து ‘ரிமூவ்’ என்று ஒற்றைச் சொல் வந்தது. நானும் எடுத்தேன். வழக்கமான மரியாதைக் கடிதமும் போட்டேன். சார் மனம் சங்கடப்பட்டார். நாம் ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமா என்று பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தார். அந்தத் தசராவுக்குக் கிரீஷின் கணினியிலிருந்து டேவிட்டுக்கு மறுபடி அழைப்புப் போய்விட்டது. கிரீஷ் முன்பே என் முகவரிக் கோப்பைத் தன் கணினிக்கும் நகல் எடுத்து வைத்திருந்தார். அதில் டேவிட் அப்படியே இருந்தார்.

ஹெலன் எழுதியிருந்ததை நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். டேவிட் இறந்துவிட்டார். கணினி எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. கடிதம் வந்தால் மணி அடிக்கும். அவர் பெயர் திரையில் தெரியும். ஒரு கணம் நான் அவரைக் கூப்பிடத் திரும்புகிறேன், பிறகு நினைவு வருகிறது. நிறுத்தச் சொன்னேன். மறுபடி வருவோம் என்று எழுதினீர்கள். வந்தும் விட்டீர்கள். உங்கள் மேல் புகார் கொடுக்கலாம் என்று என் மகன் சொல்கிறான். டேவிட் உங்கள் கடையில் சந்தோஷமாக இருந்தார், அதனால் கொடுக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

சார் இதை வாய்விட்டுத்தான் படிக்க ஆரம்பித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். மீதியை மனதுக்குள் படித்தார். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிரீஷும் ஆடிப்போயிருந்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா? மெதுவாகச் சொன்னார். "அத்திம்பேர், தப்பு நம்மளுதுதான், நகல் எடுத்தது நானு. ஆனா டேவிட்டே கேட்டாரு, எழுதுங்கன்னு. சட்டப்படி பாத்தா இது கேக்காம அனுப்பினது ஆகாது."

"கேட்டவர் இப்போ இல்லையேடா" என்றார் சார். "அவர் கேட்டது அவருக்கு. வாங்கிக்கறது அவ."

மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா என்றேன்.  சார் யாருக்கும் பதில் போடாமல் இருந்தறியாத மனிதர். "வேண்டாம் சரோஜம்மா. எழுதினா மறுபடி மணி அடிக்கும்" என்றார். நான் இரண்டு கணினியிலும் அந்தப் பெயரைத் தேடி எடுத்தேன். ஒரு வரி கூட எழுதாமல் ஒருவரை அனுப்பி வைத்தது எங்கள் கடையில் அதுவே முதல் தடவை.

மறுநாள் கருத்துக் கடிதத்தைச் சார் நின்றுகொண்டே சொல்ல, நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். கிரீஷின் மூன்று பக்கமும் ஓரமாகக் கிடந்தது. எங்கள் கடை இந்தச் சட்டத்தை ஆதரிக்கிறது என்று ஆரம்பித்தார். கேட்காதவருக்கு அனுப்பக் கூடாது என்பது போதாது என்றார். ஒரு வீட்டுக்குப் போகும் கடிதம் அந்த வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் போகிறது. கேட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று அனுப்புகிறவனுக்குத் தெரியாது. ஆகவே ஒரு தடவை வாங்கிய அனுமதி ஆயுளுக்கும் செல்லும் என்று இருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். முடிவில் ‘நன்றி’ என்று மட்டும் போடச் சொன்னார். போய் வருகிறோம் இல்லை. எனக்கு அது வீட்டில் விளக்கை அணைத்தது போல இருந்தது.

"கடைய நீங்களே சாத்தறீங்க அத்திம்பேர்" என்றார் கிரீஷ். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஊருக்குச் சொல்வதை முதலில் நாம் செய்ய வேண்டும் என்று, எங்களிடம் இருந்த எல்லோருக்கும் ‘இனியும் எழுதலாமா?’ என்று கேட்டு எழுதினோம். பாதிப் பேருக்கு மேல் பதிலே போடவில்லை. பதில் போடாத பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்கும்போது முகம் நினைவுக்கு வரும்: இவள் பச்சைப் பட்டு கேட்டவள், இவர் ஊதுபத்தி வாசனைக்குத் தும்மியவர். ஆர்டர்கள் இறங்கின. பட்டறையில் இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அந்தச் சட்டம் அந்த முறை நிறைவேறவே இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம். கிரீஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். சார் அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் டேவிட்டின் முகவரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹெலன்தான். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், நன்றி என்று ஆரம்பித்திருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். வங்கி, சந்தா கட்டிய பத்திரிகை, பழைய நண்பர்கள். இப்போது அவர் பெயருக்கு எங்கிருந்தும் எதுவும் வருவதில்லை. நான் கேட்டது இதுதான் என்று நினைத்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். முடிந்தால் அவர் பெயரை மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா?

"இப்போ அவளே கேக்கறா" என்றார் சார். முகம் மலர்ந்திருந்தது. "பேர் போட்டு எழுதுங்கோ."

‘அன்புள்ள டேவிட்’ என்று அடித்துவிட்டுக் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். இறந்தவருக்கு ஊதுபத்தி விலையையா எழுதுவது? கடைசியில் மைசூரில் பெய்யும் மழையைப் பற்றியும், யானைகளைத் தசராவுக்குப் பழக்குவதைப் பற்றியும், நிலையில் இப்போது யாரும் தலை இடித்துக்கொள்வதில்லை என்பதைப் பற்றியும் எழுதினேன். சார் வாய்விட்டுப் படித்தார். ஓரிடத்திலும் நாக்கு இடறவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தசராவுக்கும் டேவிட்டுக்கு எழுதினேன். எங்கள் விதிப்படி வருட ஆரம்பத்தில் ‘இனியும் எழுதலாமா?’ என்று அவருக்கும் கேள்வி போகும். ‘எழுதுங்கள். டேவிட்டுக்காக, ஹெலன்’ என்று பதில் வரும். என் உத்தியோகத்தில் அவ்வளவு பிரியமாக வேறு எதையும் நான் எழுதியதில்லை. இன்றைக்கும் மழை பிடித்துக்கொண்டால் அவருக்கு எழுத வேண்டியதை மனம் தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

பிறகு நரசிம்மன் சார் காலமானார். கிரீஷ் இரண்டு வருடம் இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஆன்லைன் வியாபாரத்தை மூடிவிட்டுக் கடையை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. எனக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கேதான் பின்னால் சுமனா என்னிடம் வந்து சேர்ந்தாள். பெட்டியை மூடுவதற்கு முன் மிச்சமிருந்த எல்லோருக்கும் தெரிவித்தேன். டேவிட்டுக்கு அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஹெலனின் பெயரைப் போட்டு எழுதினேன். சார் போய்விட்டதையும், இனி இங்கிருந்து கடிதம் வராது என்பதையும் சொன்னேன்.

இணைப்பைத் துண்டிக்கிற அன்று காலை அவள் பதில் வந்தது. நரசிம்மன் சாருக்காக அழுதேன் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி.

‘இனி டேவிட்டுக்கு யார் எழுதுவார்கள்?’

சுமனா, உன் பிள்ளைகளிடம் விதியைப் பற்றி நீயே சொல்லிக்கொள். அந்த ஒரு வரிக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.